பேட்டரியை மாற்றும் முன் ஷண்ட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் இறங்கிவிட்டால் மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரைப் பக்கம் சோலாரை மட்டுமே நம்பியிருக்கும் தோட்ட வீடுகளில் வருகிற புகார் இது: பேட்டரியில் மிச்சமுள்ள சார்ஜைக் காட்டும் மீட்டரில் 70 சதவீதம் இருக்கிறது, இன்வெர்ட்டரோ அலாரம் அடித்து அணைந்துவிடுகிறது. உடனே பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புதிதாக வாங்குவதற்கு முன் மீட்டரைச் சோதியுங்கள்.

மீட்டர் செய்வது வரவு செலவுக் கணக்கு எழுதுவதுதான். அந்தக் கணக்கு மைனஸ் கேபிளில் உள்ள ஷண்ட் வழியாக ஓடும் மின்னோட்டத்தை வைத்து எழுதப்படுகிறது. ஷண்ட் என்பது ஓடும் ஆம்பியருக்கு ஏற்ப மீட்டருக்குச் சில மில்லிவோல்ட் தரும் சிறு உலோகத் துண்டு. பேட்டரியின் மைனஸ் முனையில் ஷண்ட்டுக்குப் போகும் கேபிள் ஒன்றே இருக்க வேண்டும். இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், டிசி விளக்கு என மற்ற எல்லா மைனஸும் ஷண்ட்டின் மறுபக்கம்தான். டிசி விளக்கை நேராகப் பேட்டரியில் மாட்டினால் அந்தச் செலவு கணக்கில் ஏறாது. கன்ட்ரோலரை அப்படி மாட்டினால் வரவு ஏறாது. நிறைந்த பேட்டரியும் காலி என்றே காட்டும். முழு ஆம்பியர் ஓடும்போது ஷண்ட் தருவது 50 மில்லிவோல்ட், மீட்டரில் வைத்திருப்பது 75 என்றால் 100 ஆம்பியர் ஓடும்போது 67தான் தெரியும்.

மலையில் பெரிய சிக்கல் மூடுபனி. பேட்டரி முழுதாக நிறையும்போதுதான் மீட்டர் தன் கணக்கை 100க்குக் கொண்டுவந்து நேர்செய்கிறது. வெயில் இல்லாத வாரங்களில் அது நடப்பதே இல்லை. மீட்டர் அளப்பதில் 0.2 ஆம்பியர் பிழை இருந்தாலே நாளுக்கு 4.8 ஆம்பியர்-மணி, பத்து நாளில் 48. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு! மின்சாரம் எடுக்கும், ஏற்றும் எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு மீட்டர் காட்டும் ஆம்பியரைப் பூஜ்யத்தில் வையுங்கள். வெயில் வராவிட்டால் ஜெனரேட்டர் போட்டாவது அவ்வப்போது முழு சார்ஜ் ஏற்றுங்கள்.

'நிறைந்தது' என்று மீட்டர் எடுத்துக்கொள்ளும் வோல்ட்டேஜையும் பாருங்கள். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிக்கு அதை 13.2ல் வைத்துவிட்டால் காலை வெயில் பட்டதுமே 100 காட்டிவிடும். சார்ஜ் 14.4 வரை ஏறும் அமைப்பில் 14.2 வையுங்கள், கூடவே 150 ஆம்பியர்-மணி பேட்டரியானால் சார்ஜ் மின்னோட்டம் 6 ஆம்பியருக்குக் கீழே இறங்கினால்தான் நிறைந்ததாகக் கொள்ளும்படி அமையுங்கள்.

இன்வெர்ட்டர் திரையில் தெரியும் வாட், வீட்டு லோடு மட்டுமே. இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே 25 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 600 வாட்-மணி, அதாவது 50 ஆம்பியர்-மணி. சந்தேகமிருந்தால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேட்டரி கேபிளில் மாட்டி, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். இன்வெர்ட்டரின் சொந்தச் செலவையும் சேர்த்து 10 ஆம்பியருக்குச் சற்று மேலே வரவேண்டும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இதற்கு உதவாது.

பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரும் குளிரில் ஏமாற்றும். அதன் அளவுகள் 27 டிகிரிக்கானவை. ஆசிட் 10 டிகிரியில் இருந்தால் காட்டும் எண்ணில் 0.012 கழித்துக்கொள்ளுங்கள், 1.240 என்பது உண்மையில் 1.228.

சோலார் பொருத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷண்ட் அளவு, நிறைவு வோல்ட்டேஜ், பேட்டரி கொள்ளளவு மூன்றையும் தமிழில் எழுதிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
சோலார் எலக்ட்ரீஷியன்கள்,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்