ஊருணிக்கு ஒரு கேனும் கயிறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழையில் செட்டிநாட்டில் ஊர்க்குளங்களான ஊருணிகளும் ஏரிகளான கண்மாய்களும் நிறையும்போது வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: "தண்ணிப் பக்கம் போகாதே." பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். எங்கே ஆபத்து, மூழ்குகிறவரை எப்படி மீட்பது என்பதைக் காலாண்டு விடுமுறைக்கு முன்பே பள்ளிகள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஊருணியில் நீர்மட்டம் ஏறி இறங்கும் படிகளில்தான் பாசி படரும். துவைத்த சோப்பும் சேர்ந்தால் கால் நிற்காது. சில ஊருணிகளின் நடுவில் கிணறு உண்டு. நிறைந்துவிட்டால் அது இருக்கும் இடம் தெரியாது. கண்மாயில் கோடையில் மண் அள்ளிய குழிகளின் ஓரம் சுவர்போல நிற்கும். இடுப்பளவு நீரில் நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்துக்குப் போய்விடுவான். வயலுக்கு நீர் விடும் மடை திறந்திருந்தால் உள்ளே இழுக்கும். நிறைந்த நீர் வழிந்தோடும் கலுங்கில் முழங்கால் அளவு நீர் பாய்ந்தாலே சிறுவர்களைப் புரட்டிவிடும். கண்மாய் வற்றிக் கிடக்கும்போதே பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய், குழியையும் மடையையும் நேரில் காட்டிவிடுவது நல்லது.

மூழ்குகிறவர் கத்துவார் என்று நம்பியிருப்பது பெரும் பிழை. மூச்சுக்கே தவிப்பவருக்குக் குரல் வராது. தலை பின்னே சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருக்கும். கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் தலை உள்ளே போய்விடும்.

அப்போதும் பிள்ளைகள் குதிக்கவே கூடாது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேர் இறப்பது பெரும்பாலும் இதனால்தான். உயிர்ப்பயத்தில் இருப்பவர், காப்பாற்ற வந்தவரின் கழுத்தைப் பற்றி ஏறுவார். நன்றாக நீந்துகிறவரும் விடுபடுவது கடினம். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பை நீட்டலாம். சேலை ஐந்தரை மீட்டர் நீளம். நுனியில் முடிச்சிட்டு நனைத்து வீசினால் எட்டும். இறுக மூடிய காலி 5 லிட்டர் எண்ணெய்க் கேன் ஏறக்குறைய 5 கிலோ எடையை மிதக்கவைக்கும். தலை நீருக்கு மேலே நிற்க அது போதும். வெறும் கேனைக் காற்று தள்ளிவிடும் என்பதால் உள்ளே கால் லிட்டர் தண்ணீர் விட்டு வீச வேண்டும்.

நீச்சல் பழக்குகிறவர்கள் பலர் எடுத்ததும் கை வீசக் கற்றுத்தருகிறார்கள். முதலில் வர வேண்டியது மிதப்பு. மல்லாந்து, காது நீருக்குள் இருக்க, முகவாயை உயர்த்தி, நெஞ்சு நிறையக் காற்றோடு 2 நிமிடம் கிடக்கப் பழக வேண்டும். கையை வெளியே தூக்கினால் உடல் அமிழும். பிறகு 25 மீட்டர் நீந்தட்டும். ஒரு முறையாவது உடுத்திய துணியோடு, ஏனென்றால் தவறி விழும்போது துணியோடுதான் விழுவார்கள். மிதக்கப் பிடித்துக்கொள்ளும் லாரி டியூபை நம்பக் கூடாது, அது ஆழத்தில் நழுவினால் பிடிக்க எதுவும் இருக்காது. 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலோடு பாதுகாப்பான மீட்பு முறையையும் கற்பிக்கும்படி உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது.

கரையேற்றியவரின் வயிற்றை அழுத்துவதும் தலைகீழாகச் சுற்றுவதும் இன்னும் நடக்கிறது. வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். விலைமதிப்பற்ற நிமிடங்களும் போய்விடும். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். பின் நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 ஊதல் என்று மாறி மாறி, அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஊராட்சிகளிடமும் ஊருணியைப் பராமரிக்கும் நகரத்தார் சமூகத்தாரிடமும் நாங்கள் கேட்பது, படித்துறைக்கு ஒரு கம்பம், அதில் ஒரு கேன், 15 மீட்டர் கயிறு. நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறாக இருக்கட்டும். பருத்திக் கயிறு நனைந்தால் மூழ்கும். திருட்டுக்குப் பயந்து பூட்டி வைக்காதீர்கள். வெயிலில் கயிறு நைந்துவிடும், ஆண்டுதோறும் புரட்டாசியில் மாற்றுங்கள்.

நீச்சல் பயிற்சியாளர்கள் சிலர்,
காரைக்குடி