தீவுக்குப் பாலம் வேண்டாம், படகே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படகில் மட்டுமே போகக்கூடிய சின்னத் தீவுப் பூங்காக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். படங்கள் அவ்வளவு அழகு. ஆனால் கடைசிப் பத்தியில், இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒரு பாலம் போட்டுவிட்டால் எல்லாரும் நினைத்தபோது போய்வரலாமே என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார் பாருங்கள், அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அந்தத் தீவுகள் இன்னும் அப்படியே இருப்பதற்குக் காரணமே பாலம் இல்லாததுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்களும் குடும்பத்தோடு அப்படி ஒரு தீவுக்குப் போனோம். சுற்றி நடந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், அவ்வளவுதான் அளவு. படகில் ஏறுவதற்கு முன் பூங்கா ஊழியர் ஒருவர் எல்லாருடைய பைகளையும் திறக்கச் சொன்னார், ஷூவின் அடியைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். வெயிலில் வரிசையில் நின்றுகொண்டிருந்த எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஒரு பூங்காவைப் பார்க்க இவ்வளவு சோதனையா என்று. என் மகனுடைய சாக்ஸைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டுப்புல் விதை ஒரு கொத்து! எங்கே, எப்போது ஒட்டியது என்றே தெரியவில்லை. என் பையின் அடியில் காய்ந்த மண், அதற்குள் இரண்டு எறும்பு. அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு விதையாகப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே, "இதில் ஒன்று அங்கே முளைத்தால் பத்து வருஷம் நாங்கள் குனிந்து பிடுங்கணும்மா" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நியூசிலாந்தில் ஸ்டீபன்ஸ் தீவு என்று ஒன்று, ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்தான். அங்கே 1894-ல் கலங்கரை விளக்கம் வந்தது, அதோடு ஆட்களும் பூனைகளும் வந்தன. ரென் வகையைச் சேர்ந்த, பறக்கத் தெரியாத ஒரு குட்டிப் பறவை அந்தத் தீவில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. ஓரிரு வருடத்திலேயே அது உலகத்திலிருந்தே போய்விட்டது. விளக்குக் காவலாளியின் ஒரே ஒரு பூனைதான் மொத்தத்தையும் தின்றது என்று பலரும் கதையாகச் சொல்வார்கள், அது சரியில்லை, பூனைகள் பெருகியிருந்தன, காட்டையும் வெட்டினார்கள். எப்படியானாலும் தரையிலேயே வாழ்ந்து பழகிய பறவைக்கு ஓடி ஒளியக்கூட நேரம் கிடைக்கவில்லை.

பூனை போகட்டும், எலியைப் பாருங்கள். அதே நாட்டில் ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் ஒரு எலிக்கு ரேடியோக் கழுத்துப்பட்டை மாட்டி, எலியே இல்லாத ஒரு சின்னத் தீவில் வேண்டுமென்றே விட்டார்கள், ஒற்றை எலியைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொள்வதற்காக. பொறி வைத்தார்கள், பழக்கிய நாய்களைக் கொண்டுவந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அது 400 மீட்டர் கடலை நீந்தி அடுத்த தீவுக்கே போய்விட்டது! கடைசியில் பெங்குவின் இறைச்சி வைத்த பொறியில் சிக்கியது, விட்ட நாளிலிருந்து 18 வாரம் கழித்து. அந்த ஒரு எலி எங்கே இருக்கிறது என்று தேட இவ்வளவு பேர் இருந்தும் 18 வாரம். ராத்திரி பகலாக வண்டி ஓடுகிற பாலத்தின் வழியாக வருவதை யார் எண்ணுவார்கள், யார் பிடிப்பார்கள்?

படகு என்றால் ஏறும் இடம் ஒன்று, இறங்கும் இடம் ஒன்று. நடுவில் கடல். அந்த இரண்டு இடத்திலும் ஆள் நின்று பார்த்துவிட்டால் போதும். தீவுக்கு வேலி என்று வேறு எதுவும் கிடையாது, இந்த ஏற்பாடுதான் வேலி. அதையும் மீறி வேண்டாத உயிர்கள் உள்ளே வரும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குப் பக்கத்தில் டிரிடிரி மடங்கி என்ற தீவு, 220 ஹெக்டேர், நூறு வருடத்துக்கும் மேலாக மேய்ச்சல் நிலமாக இருந்து மொட்டையாகிப் போனது. 1984 முதல் 1994 வரை தன்னார்வலர்கள் படகில் போய்ப் போய் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மரக்கன்றுகளை நட்டார்கள். எலிகளை ஒழித்தார்கள், அழியும் நிலையில் இருந்த பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கு அங்கே இறங்கினால் பறவைச் சத்தம்தான் முதலில் வரவேற்கும் என்கிறார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த இடத்தில் 2000-ல் அர்ஜென்டினா எறும்பு என்ற வெளிநாட்டு எறும்பைக் கண்டுபிடித்தார்கள். அந்த எறும்பை முழுசாக ஒழிக்கப் பல வருடம் ஆனது. என் பையில் இருந்ததும் எறும்புதானே. அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் படகுதான். அயர்லாந்தின் ஸ்கெல்லிக் மைக்கேல் பாறைத் தீவில் ஒரு நாளைக்கு 180 பேருக்கு மேல் இறங்க முடியாது, 15 படகு, படகுக்கு 12 பேர் என்று கணக்கு. அலை பெரிசாக இருந்தால் அதுவும் கிடையாது. வேல்ஸில் ஸ்கோமர் தீவில் ஒரு நாளைக்கு 250 பேர். அங்கே மண்ணுக்கு அடியில் எல்லாம் கடற்பறவைகளின் வளை, பாதையை விட்டு ஒரு அடி விலகி மிதித்தால் கூரை இடிந்து உள்ளே இருக்கும் குஞ்சு மேல் விழும். போட்டோ எடுப்பதற்காக ஒருவர் விலகினாலும் அதே கதிதான். பாலம் போட்டு ஒரு விடுமுறை நாளில் ஐயாயிரம் பேர் வந்தால் அந்த மண் என்ன ஆகும் என்று கட்டுரையாளர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்களோடு வந்த என் அம்மாவுக்கு முழங்கால் வலி. இறங்குதுறையில் படகு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது, துறைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. படகுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன், "ஒன்றும் பிரச்சினை இல்லை, பாட்டி எல்லாம் சாதாரணமாக இறங்குவாங்க" என்று சொல்லித்தான் டிக்கெட் கொடுத்தார். அங்கே போய்ப் பார்த்தால் அம்மாவால் முடியவில்லை. இரண்டு மணி நேரம் படகிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவரோடு இருக்கிறேன் என்றேன், "நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று அனுப்பிவிட்டார். இந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் இதற்கு வழி பாலம் இல்லை. அலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிற மிதவை மேடை, இரண்டு பக்கமும் கைப்பிடி, சக்கர நாற்காலி உருளும் அளவுக்கு ஒரு சாய்தளம், அப்புறம் யாரால் இறங்க முடியும் யாரால் முடியாது என்று டிக்கெட் கொடுக்கும்போதே ஒளிக்காமல் சொல்லும் பழக்கம். பாலத்துக்கு ஆகிற செலவில் இதெல்லாம் ஒரு துளி.

கட்டுரையில் விட்டுப்போன சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், முதல்முறை போகிறவர்களுக்கு உதவும். தீவைச் சுற்றிக் காட்டும் படகு வேறு, தீவில் இறக்கிவிடும் படகு வேறு, பணம் கட்டும் முன் எது என்று கேளுங்கள். இப்படிப்பட்ட பல தீவுகளில் குடிநீர் கிடையாது, குப்பைத்தொட்டியும் கிடையாது, கொண்டுபோவதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். திரும்பும் படகின் நேரத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், தீவின் மறுகோடியில் நின்றுகொண்டு நேரம் பார்ப்பதில் பயனில்லை. அலை காரணமாகப் பயணத்தை ரத்து செய்தால் படகோட்டியோடு சண்டை போடாதீர்கள், அவருக்குத்தான் அந்தத் தண்ணீர் தெரியும். முக்கியமாக, முதல்நாள் ராத்திரியே ஷூவைக் கழுவிப் பையைத் தலைகீழாக உதறிவிட்டுக் கிளம்புங்கள்.

கட்டுரையாளர் அடுத்த பகுதியும் எழுதப் போவதாகப் போட்டிருந்தீர்கள். அதற்கு முன் பொறிகளைத் தினமும் நடந்து பார்த்துவரும் தீவு ஊழியர் யாரிடமாவது ஒரு மணி நேரம் அவர் பேசிவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும். பாலம் வேண்டுமா என்று அவர்களையே கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி