கிராத்திஸ் கோட்டைக்குப் போய் வந்தோம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீ கடலுக்கு நடுவே எண்ணெய் மேடையில் இருக்கும்போது போனில் அரைகுறையாகத்தான் பேச முடிகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். நிதானமாகப் படி.

நேற்று மருமகள் என்னைக் கிராத்திஸ் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அபர்டீனிலிருந்து மேற்கே சுமார் 15 மைல்தான். டீ ஆற்றை ஒட்டி பாங்கரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. அந்தப் பக்கம் நீ எத்தனையோ தடவை காரில் போயிருப்பாய். "நாங்க உள்ளே போனதே இல்லை அத்தை" என்று அவள் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

மதிலும் அகழியுமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த உயரமான கோபுர வீடு அது. கீழே வெறும் காரைச் சுவர், மேலே போகப் போக மூலைக்கு மூலை சின்னச் சின்ன கோபுரங்கள். அந்த பர்னெட் குடும்பத்தாருக்கு 1323-ல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் த புரூஸ் இங்கே நிலம் கொடுத்தாராம். கோட்டையை 1553-ல் தொடங்கி 1596-ல்தான் முடித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தை ஆண்ட மேரி ராணி காலத்துக் குழப்பமெல்லாம் அந்த இடைவெளியில்தான் வருகிறது.

பெரிய கூடத்தில் கணப்புக்கு மேலே கல் பதித்த ஒரு தந்தக் கொம்பு இருக்கிறது. நிலம் கொடுத்ததற்கு அடையாளமாக மன்னரே கொடுத்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். எந்தக் காட்டு யானையுடையதோ என்று அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

படிக்கட்டு சுழன்று சுழன்று ஏறுகிறது. அதில் ஒரு படியை மட்டும் வேண்டுமென்றே உயரம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். இருட்டில் ஓடி ஏறும் எதிரி தடுக்கி விழுவதற்காம். மருமகள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேலே ஓர் அறையில் மர உத்திரங்களுக்கு நடுவே ஹெக்டர், அலெக்சாந்தர், சீசர், தாவீது, ஆர்தர் என்று ஒன்பது வீரர்களை வரைந்திருக்கிறார்கள். 1602-ல் தீட்டியது. இன்னொரு அறையில் கலைத் தேவதைகள். பிற்காலத்தில் யாரோ பூச்சு போட்டு மூடிவிட்டார்கள், 19ஆம் நூற்றாண்டில்தான் ஓவியங்கள் மறுபடி வெளியே வந்தன. 1966-ல் தீப்பிடித்து, பின்னால் சேர்த்துக் கட்டிய பகுதி எரிந்துபோனது. இந்தப் பழைய கோபுரம் தப்பியது பெரிய விஷயம். பச்சை உடுத்திய பெண்ணின் ஆவி வரும் அறை என்று ஒன்றையும் காட்டினார்கள். அங்கே கணப்புக்கு அடியில் ஒரு குழந்தையின் எலும்பு கிடைத்தது என்றதும் எனக்கு நிற்கப் பிடிக்கவில்லை, கீழே வந்துவிட்டோம்.

ஆனால் தம்பி, நீ பார்க்க வேண்டியது தோட்டத்தைத்தான்.

சுற்றிலும் மதில், உள்ளே நான்கு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதை எட்டுத் தோட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். சில இடங்களில் சுவருக்குப் பதில் யூ மரங்களே மதிலாக நிற்கின்றன. 1702-ல் நட்டவை. ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, உளிவைத்துச் செதுக்கியதுபோல் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். நட்டவர்கள் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, கத்தரிக்கோல் மட்டும் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

உள்ளே இருக்கும் பூச்செடிகள் அவ்வளவு பழசு இல்லை. ஜேம்ஸ் பர்னெட், அவர் மனைவி சிபில் என்ற இரண்டு பேர் போன நூற்றாண்டில் உருவாக்கியது. அவர் ராணுவத்தில் ஜெனரலாக இருந்தவர். மரமும் புதர்ச்செடியும் அவர் ஆசை, பூவும் நிறமும் அந்த அம்மாவின் ஆசை. ஒரு பாத்தி முழுக்க வெள்ளைப் பூக்கள். குளத்துத் தோட்டத்தில் மஞ்சளும் சிவப்பும், நடுவே கருஞ்சிவப்பு இலைகளும். ஒரு தோட்டத்திலிருந்து அடுத்ததற்குள் நுழைந்தால் வேறு வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. சிபில் அம்மாள் மறைந்த பிறகு அவர் நினைவாகப் பொன்னிறத் தோட்டம் ஒன்றும் போட்டிருக்கிறார்கள். 1951-லேயே ஜேம்ஸ் இவ்வளவையும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அது பெரிய மனசாகப்பட்டது.

ஜூன் பாத்தி என்று ஒன்று இருக்கிறது. நடைபாதைக்கு இரண்டு பக்கமும் லூப்பினும் ஐரிஸும் பியோனியும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒரு கோடியில் பழைய புறாக்கூண்டுக் கட்டடம், திரும்பினால் கோட்டை. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "இவங்க ரெண்டு பேரும் சாயங்காலத்தில இங்கே சேர்ந்து நடந்திருப்பாங்க, இல்ல அத்தை?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ கடலில் இருக்கும் வாரங்களில் அவள் இந்த ஊரில் தனியாகத்தான் இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், எனக்குச் சிரித்த முகமாகச் சாப்பாடு போடுகிறாள். உன்னிடம் எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டாள். நீயும் உழைத்துக் களைத்துத்தான் வருகிறாய், எனக்குத் தெரியாதா? வந்ததும் நன்றாகத் தூங்கு. அப்புறம் ஒரு நாள் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போ. அவள் வழி காட்டட்டும், நீ பின்னால் நட. போனை உள்ளே வைத்துவிடு.

உனக்குப் பிடித்த விஷயமும் அங்கே இருக்கிறது. கோட்டை நிலத்திலேயே வாரன் ஃபீல்டு என்று ஒரு வயல். ஏறக்குறைய 10,000 வருஷத்துக்கு முன்னால் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் தோண்டிய 12 குழிகள் அங்கே கிடைத்தன. நிலவை வைத்து மாதங்களைக் கணக்கிடத் தோண்டியவை என்று 2013-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மேலே பார்த்தால் வெறும் வயல்தான், ஆனாலும் நீ விடமாட்டாய்.

மாதக் கடைசியில் வந்துவிடுவாய் அல்லவா? தள்ளிப்போடாதே, ஜூன் பாத்தி அப்புறம் அடங்கிவிடும். இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிற நாட்கள் இவை. மழை தூறினால் கோட்டுப் போட்டுக்கொண்டு போங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம். நீங்கள் இரண்டு பேர் மட்டும் போய் வாருங்கள், நான் வீட்டில் மீன்குழம்பு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா