டைவ் கம்ப்யூட்டர் நம்ம ரத்தத்த அளக்காதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கடலுக்கடியில டைவ் பண்றத பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோசம், இதப்பத்தி தமிழ்ல எழுதுறதே அபூர்வம். ஆனா அதுல ஒரு வரி, கையில கட்டுற டைவ் கம்ப்யூட்டர் நம்ம ரத்தத்துல எவ்ளோ நைட்ரஜன் சேர்ந்திருக்குனு அளந்து சொல்லிடும், அதனால எவ்ளோ ஆழம் போனாலும் இப்ப பயமில்லனு இருந்துச்சு. அந்த வரி தான் என்னை எழுத வைக்குது. அது எதையும் ரத்தத்துல அளக்கறதில்ல. ஆழத்துல மூச்சு விடுற காத்துல இருக்கிற நைட்ரஜன் உடம்புல கரையும், சட்டுனு மேல வந்தா அது குமிழியா மாறி ஆபத்தாயிடும், அதனால தான் இந்த கணக்கே. நான் புதுச்சேரியில இருக்கேன், பன்னெண்டு வருசமா டைவ் பண்றேன், அதுல கடைசி ஆறு வருசம் டெக் டைவிங், அதாவது 40 மீட்டருக்கு கீழ போய் நேரா மேல வர முடியாத மாதிரியான டைவ். அந்த மாதிரி போறவனுக்கு இந்த ஒரு வரியில இருக்கிற தப்பு சின்ன தப்பு இல்லங்க.

அந்த பொட்டிக்குள்ள இருக்கிறது ஒரு பிரஷர் சென்சார், ஒரு கடிகாரம், அதோட தண்ணியோட சூடு பாக்க ஒன்னு, சிலதுல சிலிண்டர் பிரஷர் வாங்குற ரேடியோ மாதிரி இன்னும் ஒன்னு ரெண்டு, அவ்வளவு தான். பத்து மீட்டர் இறங்கினா சுமாரா ஒரு பார் அழுத்தம் கூடும், அத வச்சு ஆழம் தெரியும், ஆழமும் நேரமும் தெரிஞ்சா மீதி எல்லாம் கணக்கு. இந்த கணக்குக்கு விதை போட்டது ஹால்டேன், ஆட்ட பிரஷர் சேம்பருக்குள்ள விட்டு பாத்து 1908ல வெளியிட்டார், உடம்ப அஞ்சு பகுதியா பிரிச்சார், ஒன்னு சீக்கிரம் நைட்ரஜன உறிஞ்சும் ஒன்னு மெதுவா உறிஞ்சும்னு. அப்புறம் சுவிட்சர்லாந்துல புல்மான்ங்கிறவர் அத 16 பகுதியா விரிச்சார், வேகமானதுக்கு நாலஞ்சு நிமிசத்துல பாதி நிறையும், மெதுவானதுக்கு 635 நிமிசம் ஆகும். இன்னிக்கி டெக் டைவர்ஸ் கையில கட்டிருக்கிற முக்கால்வாசி கம்ப்யூட்டர்ல ஓடுறது அந்த புல்மான் கணக்கு தான். அந்த 16 பகுதியும் நம்ம கல்லீரலும் முழங்காலும் இல்ல, காகிதத்துல இருக்கிற பகுதிங்க. நைட்டு தூங்காம வந்தானா, தண்ணி குடிக்காம வெயில்ல படகுல உக்காந்தானா, வாந்தி எடுத்தானா, வயசு என்ன, ஒன்னும் அதுக்கு தானா தெரியாது.

ஐரோப்பாவுல இஎன் 13319னு ஒரு தரம் இருக்கு, இந்த கம்ப்யூட்டருங்க டப்பாவுல எல்லாம் போட்டிருப்பாங்க, அத பாத்துட்டு டெகோ கணக்கையும், அதாவது மேல வரும்போது எந்த ஆழத்துல எவ்ளோ நேரம் நிக்கணும்ங்கிற கணக்கையும், யாரோ சோதிச்சு சான்று குடுத்துருக்காங்கனு நெனைக்கிறவங்கள நான் பாத்துருக்கேன். அது ஆழத்தையும் நேரத்தையும் சரியா காட்டுதானு தான் பாக்குது. டெகோ கணக்க அது தொடறதே இல்ல.

சாதாரணமா 15, 18 மீட்டர் போறவருக்கு கம்ப்யூட்டர் செத்துப் போச்சுனா மெதுவா மேல வந்து அஞ்சு மீட்டர்ல மூணு நிமிசம் நின்னுட்டு படகு ஏறிடலாம், அன்னைக்கு டைவ் முடிஞ்சுது. டெக் டைவ்ல தலைக்கு மேல கண்ணுக்கு தெரியாத ஒரு கூரை இருக்கு, சீலிங்னு சொல்லுவோம், 21 மீட்டர்ல நில்லு, அப்புறம் 18, 15னு ஒவ்வொரு படியா நின்னு தான் வரணும், தாண்டினா மூட்டுல குமிழி வந்து வலியோட போகலாம், இல்ல முதுகுத்தண்டுல வந்து கால் விழுந்துடலாம். அங்க அந்த நம்பர் தப்புனா தப்பிச்சு ஓட மேல வழி கிடையாது.

இப்ப எனக்கு நடந்தத சொல்றேன். மட்டக்களப்பு பக்கம் ஹெர்மிஸ்னு ஒரு கப்பல் முழுகி கிடக்கு, விமானந்தாங்கிக் கப்பல்னே வரைஞ்சு கட்ட ஆரம்பிச்ச முதல் கப்பல், 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானங்க குண்டு போட்டு மூழ்கடிச்சுது, 307 பேர் செத்தாங்க. 53 மீட்டர் கிட்ட ஆழம். கிழக்கு கரையில கடல் அமைதியா இருக்கிற மாசங்கள்ல நாங்க நாலஞ்சு பேர் போவோம். அன்னைக்கு முதுகு சிலிண்டர்ல ட்ரைமிக்ஸ்ங்கிற கலவை, 21 சதம் ஆக்சிஜன் 35 சதம் ஹீலியம் மீதி நைட்ரஜன், பக்கத்துல தொங்குற ஸ்டேஜ் சிலிண்டர்ல 50 சதம் நைட்ராக்ஸ், அதாவது பாதி ஆக்சிஜன் இருக்கிற காத்து. மேல வரும்போது ஆக்சிஜன் அதிகமா இருக்கிறத மூச்சு விட்டா நைட்ரஜன் சீக்கிரம் வெளிய போகும், நிக்கிற நேரம் குறையும். வழக்கமா தூய ஆக்சிஜனும் ஒன்னு எடுத்துட்டு போவோம், அந்த தடவ அங்க நிரப்ப கிடைக்கல, அதனால 50 மட்டும் வச்சு பிளான் போட்டோம்.

கீழ போய் இருபதாவது நிமிசம், கூட வந்த அண்ணன் கைய என் கைக்கு பக்கத்துல நீட்டினார், நாங்க அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு பேர் ஸ்க்ரீனையும் ஒப்பிட்டு பாப்போம், மேல போய்ச் சேர எத்தன நிமிசம்னு ஒரு நம்பர் காட்டும் பாருங்க அத. எனக்கு 37, அவருக்கு 28. ரெண்டும் ஒரே கம்பெனி ஒரே மாடல், ரெண்டு பேரும் ஒரே ஆழத்துல பக்கத்து பக்கத்துல தான் இருந்தோம், ஒரே செட்டிங். ஒன்பது நிமிசம் வித்தியாசம். தலைக்குள்ள அந்த ஆழத்து மந்தம் வேற. ஒரு அர நிமிசம் எனக்கு ஒன்னும் ஓடல, என் மிஷின் தான் கெட்டுப்போச்சோனு கூட தோணுச்சு. அப்புறம் அவர் மெனுவுக்குள்ள போய் காஸ் லிஸ்ட தட்டி பாத்தா, போன ட்ரிப்ல போட்ட ஆக்சிஜன் அப்படியே ஆன்ல இருக்கு. கம்ப்யூட்டர் என்ன பண்ணுதுனா லிஸ்ட்ல ஆன்ல இருக்கிற எல்லா காஸும் உங்ககிட்ட இருக்கு, சரியான ஆழம் வந்ததும் நீங்க மாறிடுவீங்கனு நம்பி நிமிசத்த கணக்கு போடுது. இல்லாத ஆக்சிஜன வச்சு அவருக்கு ஒன்பது நிமிசம் தள்ளுபடி குடுத்துருக்கு. அத ஆஃப் பண்ணதும் நம்பர் எகிறி எனக்கு பக்கத்துல வந்துடுச்சு. நாங்க மூணுல ஒரு பங்கு காஸ மிச்சம் வச்சே பிளான் போடுறதால சேதாரம் இல்லாம மேல வந்தோம்.

அந்த கம்ப்யூட்டர் கெட்டுப் போகல, அது நூத்துக்கு நூறு சரியா வேல செஞ்சது. படகுல கிளம்பும்போது ஸ்க்ரீன்லயே, இன்னைக்கு உங்ககிட்ட இந்த மூணு காஸ் இருக்கு சரியானு ஒரு கேள்வி கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். இத நான் கம்பெனி மேல பழியா சொல்லல, நாங்களும் கிளம்புறதுக்கு முன்னாடி ஒருத்தர் லிஸ்ட ஒருத்தர் பாத்திருக்கணும், அன்னையில இருந்து பாக்குறோம்.

காஸ் மாத்துறதும் அப்படி தான். 21 மீட்டர் வந்ததும் கம்ப்யூட்டர் 50க்கு மாறச் சொல்லும், பட்டன தட்டி ஆமா மாறிட்டேன்னு சொன்னா அது நம்பிடும், வாயில இருக்கிற ரெகுலேட்டர் எந்த சிலிண்டர்ல இருந்து வருதுனு அதுக்கு தெரியாது. பட்டன அழுத்திட்டு வாய மாத்தாம விட்டா டெகோ குறைவா ஆகும். அத விட மோசம், 6 மீட்டர்ல எடுக்க வேண்டிய தூய ஆக்சிஜன ஆழத்துல தெரியாம வாயில வச்சுட்டா வலிப்பு வரலாம், தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா பொழைக்கிறது கஷ்டம். அதனால தான் சிலிண்டர் மேல கொட்ட எழுத்துல எத்தன மீட்டர்னு ஒட்டுறோம், ஒருத்தர் மாத்தும்போது இன்னொருத்தர் அந்த ஸ்டிக்கர பாத்து, ஹோஸ கையால தடவிட்டு போய் வாய் வரைக்கும் சரிபாக்குறோம்.

மெஷினே தப்பா கணக்கு போட்ட கதையும் உண்டு. 1996க்கு முன்னாடி செஞ்ச ஒரு நைட்ராக்ஸ் கம்ப்யூட்டர 2003ல கம்பெனி திரும்ப வாங்கிக்கிச்சு. டைவ் முடிஞ்சு படகுல உக்காந்து சாதா காத்து மூச்சு விடுற நேரத்துலயும் இவர் நைட்ராக்ஸ் தான் மூச்சு விடுறார்னு அந்த சாஃப்ட்வேர் நெனச்சுக்கிச்சு, அதனால நைட்ரஜன் நிஜத்த விட வேகமா வெளிய போயிட்டதா காட்டி, அடுத்த டைவுக்கு அதிக நேரம் குடுத்துச்சு. ஸ்க்ரீன் பளிச்சுனு இருக்கும், பேட்டரி ஃபுல்லு, பட்டன் எல்லாம் வேல செய்யும், நம்பர் மட்டும் தப்பு. அத கட்டிருக்கிறவருக்கு எப்படி தெரியும் சொல்லுங்க.

இன்னொன்னு எனக்கு மனசு ஆறாதது, லாக் ஆகுற கம்ப்யூட்டருங்க. சாதாரண டைவருக்குனு செஞ்ச சில மாடல்ல சீலிங்க மீறி கொஞ்ச நேரம் இருந்துட்டா, நீ தப்பு பண்ணிட்டனு சொல்லி ஒரு நாள் ரெண்டு நாளைக்கு டெகோ காட்டறதையே நிறுத்திடும். அலையில தூக்கி அடிச்சு மேல போனவனுக்கு, கூட வந்தவன காப்பாத்த மேல போனவனுக்கு, அந்த நிமிசத்துல தான் நம்பர் வேணும். டெக்குனு செஞ்ச நல்ல கம்ப்யூட்டருங்க அப்படி பண்ணாது, நீ மீறிட்டனு சிவப்புல காட்டிட்டு கணக்க விடாம போட்டுட்டே இருக்கும். வாங்குற முன்னாடி கடையில முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இது தான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், விலை லட்சத்த தாண்டுற சாமானுக்கு கலர் என்னனு கேக்குறாங்க இத கேக்குறதில்ல.

கண்ணும் ஒரு விசயம். நாப்பத்தஞ்சு தாண்டினவங்களுக்கு கிட்ட பார்வ போயிடும், சின்ன எழுத்துல பத்து தகவல் நெருக்கி வச்சிருக்கிற ஸ்க்ரீன் கடைக்குள்ள அழகா இருக்கும், கலங்கின தண்ணியில ஒன்னும் தெரியாது. ஆழம், நேரம், அடுத்த ஸ்டாப், அங்க எத்தன நிமிசம், இந்த நாலும் பெருசா இருந்தா போதும். பட்டன் ரெண்டு போதும். பேட்டரி, நாமளே மாத்துற மாதிரி டபுள் ஏ இருந்தா ரொம்ப நிம்மதி, நடுக்கடல்ல சார்ஜ் இறங்கிப் போன கம்ப்யூட்டர வச்சுட்டு ஒரு நாள் முழுக்க படகுல உக்காந்திருக்கேன், மத்தவங்க டைவ் பண்ணாங்க. ஆனா எந்த வகை பேட்டரினு நாம தான் சரியா சொல்லணும், லித்தியம் போட்டுட்டு ஆல்கலைன்னு வச்சா பேட்டரி அளவே தப்பா காட்டும். பேட்டரிய கழட்டினதும் உடம்புல சேர்ந்த நைட்ரஜனோட பழைய கணக்கு அழிஞ்சு, நீ இன்னைக்கு டைவே பண்ணலனு ஆரம்பிக்கிற மாடலும் இருக்கு, அத மேனுவல்ல படிச்சு தெரிஞ்சுக்கணும். டைவ் முடிஞ்சா நல்ல தண்ணியில ஊற வைக்கணும், சென்சார் ஓட்டையில உப்பு இறுகிட்டா ஆழமே தப்பாகும்.

நாங்க ரெண்டு கம்ப்யூட்டர் கட்டுறோம், அதோட பிளான ஸ்லேட்ல பென்சில்ல எழுதி பாக்கெட்ல வச்சுக்கிறோம். ரெண்டும் வேற வேற நம்பர் காட்டினா அதிகமா நிக்கச் சொல்றத கேப்போம். இதெல்லாம் செலவு தான், எல்லாராலயும் முடியாது. மன்னார் யாழ்ப்பாணம் பக்கம் சங்குக்கும் கடலட்டைக்கும் ஒரே நாள்ல சிலிண்டர் மேல சிலிண்டர் மாத்தி இறங்குற பசங்க இருக்காங்க, கையில ஒரு ஆழ மீட்டர் கூட இருக்காது, நடக்க முடியாம போனவங்களும் இருக்காங்க. உங்க கட்டுரைய படிச்சுட்டு அவங்கள்ல ஒருத்தன் பழைய கம்ப்யூட்டர் ஒன்ன வாங்கி கட்டிட்டு, ரத்தத்த அளந்து சொல்லும்னு நம்பி இறங்கினா என்ன ஆகும்ங்கிறது தான் என் கவல.

அதனால அடுத்த ஞாயிறு இணைப்புல ஓரமா ஒரு ரெண்டு வரி திருத்தம் போடுங்கய்யா. கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் தான் அளக்குது, மீதி கணக்கு, அந்த கணக்குக்கு எந்த காஸ்னு சொல்றது டைவர் தான்னு. கட்டுரை எழுதினவங்க விருப்பப்பட்டா ஒரு நாள் புதுச்சேரி வரட்டும், ரெண்டு கம்ப்யூட்டரையும் மேசையில வச்சு, ஒன்னுல இல்லாத ஆக்சிஜன ஆன் பண்ணி அந்த நிமிசம் எப்படி குறையுதுனு நானே காட்றேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
புதுச்சேரி