எக்லேசியான்னா கட்டடம் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல மலைக் கோயில்கள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், எங்க கொடைக்கானல் சலேத் மாதா கோயில் போட்டோவ பாத்ததும் வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா 'எக்லேசியா' லத்தீன் வார்த்தை, கோயில் கட்டடம்னு அர்த்தம்னு ஒரு வரி வந்திருக்கு, அத அப்படியே விட மனசு வரல.

அது லத்தீன்ல பொறந்ததே இல்லைங்க, கிரேக்கம். ஏதென்ஸ்ல குடியுரிமை உள்ள ஆம்பளைங்க பினிக்ஸ்ங்கற குன்றுல கூடி, சண்டைக்குப் போகலாமா வேணாமான்னு கைதூக்கி ஓட்டு போடுவாங்க, அந்தக் கூட்டத்துக்குத்தான் எக்லேசியான்னு பேரு, சில தீர்மானத்துக்கு 6000 பேர் வந்தாகணும். பைபிள்ல திருத்தூதர் பணிகள் 19ம் அதிகாரத்துல எபேசு நகரத்து வெள்ளி வேலைக்காரங்க கிளப்பிவிட்ட கலவரக் கூட்டம் வருது பாருங்க, கிரேக்க மூலத்துல அதுக்கும் இதே வார்த்தைதான்! ரோமப் பேரரசோட பித்தினியா மாகாண கவர்னர் பிளினி, டிராஜன் பேரரசருக்கு எழுதின லத்தீன் கடிதத்துல கூட ஊர்க்கூட்டம்ங்கற அர்த்தத்துலதான் இத எழுதியிருக்கார். லத்தீன் கிறிஸ்தவங்க மொழிபெயர்க்காம வார்த்தைய அப்படியே எடுத்துக்கிட்டாங்க, பிற்பாடு கூடற இடத்துக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு, பிரெஞ்சுல எக்ளீஸ், ஸ்பானிஷ்ல இக்லேசியா எல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான்.

சர்ச்ங்கறது வேற வழி. கிரேக்கத்துல 'குரியாக்கோன்', ஆண்டவருக்கு உரியதுன்னு அர்த்தம். நம்ம கோயில், அதாவது கோ இல், தலைவனோட வீடு, அதுக்கு கிட்டத்துல நிக்குது. எக்லேசியாவுக்குச் சரியான தமிழ் திருச்சபைதான், சபைன்னாலே ஆளுங்கதானே.

எங்க தாத்தா செண்பகனூர்ல தோட்ட வேலை பாத்தவர், பூசை லத்தீன்ல நடந்த காலத்து மனுசர், விசுவாசப் பிரமாணம்ங்கற செபத்துல 'எக்லேசியாம்'னு வர்ற இடத்துல குரல் உசந்துடும். அப்போ பெருமாள்மலைக்கு கீழ எங்களுக்கு கோயிலே கிடையாது, காபி காயவைக்கற களத்துல தார்ப்பாய் கட்டி பத்து பதினஞ்சு குடும்பம் குளிர்ல உக்காந்து செபமாலை சொல்லுவாங்களாம், சாமியார் மாசம் ஒருக்கா வந்தா பெரிசு. அந்தக் களத்துல இருந்தவங்கள நினைச்சுத்தான் இத எழுதறேன், அடுத்த ஞாயிறு ஒரு சின்ன திருத்தம் போட்டீங்கன்னா அத வெட்டி தாத்தா போட்டோ பக்கத்துல ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
கொடைக்கானல் வாசகி