தெரு வடிகால் பள்ளம்: எல்லோரும் படிக்கவும்

அனைவருக்கும் வணக்கம். நம்ம தெருவைத் தோண்டிப் போட்டு இன்றோடு பத்து வாரம். ஆறு வாரத்தில் வடிகாலை முடித்து ரோடு போட்டுத் தருவதாகச் சொன்ன ஒப்பந்ததாரர், ஒரு பக்கச் சுவரோடு நிறுத்திவிட்டார். கேட்டால் இன்று கம்பி வரவில்லை, நாளை ஆள் வரவில்லை.

நேற்றைய மழையில் பிள்ளையார் கோயில் எதிரே உள்ள பள்ளம் நிரம்பி, எது ரோடு எது குழி என்றே தெரியவில்லை. உள்ளே கம்பிகள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. பால் வாங்கப் போன பாட்டி ஒருவர் விழ இருந்தார். இஸ்திரி வண்டி அண்ணன் கையைப் பிடித்ததால் தப்பினார். 2022 அக்டோபரில் நம்ம சென்னையிலேயே காசி தியேட்டர் பக்கம் இப்படி ஒரு வடிகால் பள்ளத்தில் விழுந்துதான் ஓர் இளம் செய்தியாளர் உயிரிழந்தார். அதற்குப் பிறகும் இங்கே ஒரு தடுப்புகூட இல்லை. வயிறு எரிகிறது.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கும், காத்திருக்க முடியாது. வீட்டுக்கு ஒருவர் மாநகராட்சி உதவி எண் 1913-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். புகார் எண்ணை இங்கே போடுங்கள். படமும் எடுத்து வையுங்கள்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு வார்டு அலுவலகம் போகிறோம். தடுப்பு, இரவு விளக்கு, ஆம்புலன்ஸ் வர வழி, இவை மூன்றும் உடனே வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்கிறோம். இல்லையென்றால் தெரு உயர்ந்து, தண்ணீர் நம் வாசலுக்குள் வரும்.

அதுவரை இருட்டிய பிறகு பிள்ளைகளைக் கோயில் பக்கம் அனுப்பாதீர்கள். வெளியே தெரியும் கரண்ட் கேபிள் பக்கமும் போக வேண்டாம். சனிக்கிழமை வருகிறவர்கள் பெயர் போடவும்.