சேகருக்கு, ஹெட்ஃபோனை முன்னிட்டு

சென்னை
ஆகஸ்ட் 2025

அன்புள்ள சேகர்,

இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் ஹெவி மெட்டல் ராக் குழுவான பிளாக் சப்பாத்தின் கடைசிக் கச்சேரியை நேரில் பார்த்ததைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்துப் பொறாமைப்பட்டேன், அதை மறைப்பானேன். ஆனால் கடிதத்தின் இறுதியில், இதுவே நான் போகும் கடைசி ஷோ, இனி எந்த ஆல்பம் வந்தாலும் வீட்டில் உட்கார்ந்து நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுக்கொள்வேன் என்று அறிவித்திருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முழங்கால் வலியும் டிக்கெட் விலையும் எனக்குப் புரிகின்ற காரணங்கள். அவற்றோடு நிறுத்தாமல், கர்நாடக சங்கீதத்தில் நேற்றுப் பாடிய கல்யாணியை இன்று அப்படியே பாடமாட்டார்கள், ஆகவே சபாவுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது, மெட்டலில் மனோதர்மம் ஏது, பதிவில் உள்ளதை அச்சுப் பிசகாமல் வாசிப்பதுதானே அவர்களுக்குப் பெருமை, பிறகு எதற்காக நிற்க வேண்டும் என்று தத்துவமும் பேசியிருக்கிறாய். அதற்குத்தான் இந்தப் பதில்.

பதிவில் உள்ளதை அப்படியே வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதிவு எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது? 2008இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னட்டிக்' வந்தபோது நாம் இருவரும் பட்ட பாட்டை நீ மறந்திருக்கமாட்டாய். மற்ற ஆல்பங்களைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஒரே மட்டத்துக்கு அழுத்தி, அலையின் முகடுகளையெல்லாம் வெட்டியிருந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக்கின் ஒவ்வோர் அடியும் காகிதம் கிழிவதைப் போலக் கேட்டது. 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமுக்காகக் கொடுக்கப்பட்டிருந்த டிராக்குகள் அந்த அளவுக்கு அழுத்தப்படாதவை என்று கண்டுபிடித்த ரசிகர்கள், காசு கொடுத்து வாங்கிய சிடியை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பதிப்பைத் தேடி அலைந்தார்கள். ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து, அதாவது ஒலிகளைப் புதிதாகக் கலந்து, தரும்படி ஆயிரக்கணக்கானவர்கள் மனுப் போட்டார்கள். மாஸ்டரிங் என்ற கடைசி ஒலித் திருத்தத்தைச் செய்த டெட் ஜென்சனே, தம் கைக்கு வந்தபோதே அது அந்த நிலையில்தான் இருந்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. எவ்வளவு விலையுயர்ந்த ஹெட்ஃபோன் வாங்கினாலும், வெட்டிய முகட்டை அது திருப்பித் தராது.

அதே ஆல்பத்துப் பாடல்களை 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் கேட்டபோதுதான், அவற்றில் டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் நடுவே இடைவெளி என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கான ரிஃப், நிற்கும் இடத்தில் உண்மையாகவே நின்றது. அந்த ஒரு கணத்து வெறுமைக்குப் பிறகு மீண்டும் விழுந்தபோது நெஞ்சில் விழுந்தது. வாசித்தது அதே சுரங்கள்தாம், ஆனால் பதிவில் இல்லாத ஒன்று மேடையில் இருந்தது, அதுவும் அவர்களே எழுதி வைத்து, பின்னர் பதிவில் இழந்த ஒன்று. இரண்டு நாட்களுக்கு முன் தில்லியை ஒட்டிய குர்காவ்னில் நடக்கவிருந்த கச்சேரி ரத்தாகி, அங்கே மேடையையே உடைத்துவிட்டிருந்தார்கள் என்பதால், பெங்களூரிலாவது நடக்குமா என்ற பயத்தோடுதான் வரிசையில் நின்றோம். பாடகர் லூ ரீடோடு சேர்ந்து அவர்கள் செய்த 'லூலூ' ஆல்பம் பெங்களூர்க் கச்சேரிக்கு மறுநாள் ஐரோப்பாவில் வெளிவரவிருந்தது. அதிலிருந்து அன்று ஒரு வரிகூட வரவில்லை. அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நமக்குத் தெரிந்ததுதான். அயர்ன் மெய்டன் குழு 2006இல் வெளியிட்ட 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பத்துக்கு மாஸ்டரிங்கே வேண்டாம் என்று குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் முடிவெடுத்தார். ஸ்டூடியோவில் சேர்ந்து வாசித்தபோது எழுந்த ஒலி அப்படியே ரசிகனுக்குப் போகட்டும் என்பது அவருடைய எண்ணம். அதோடு விடாமல், அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் ஆல்பம் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் மேடையில் வாசித்தார்கள். பழைய பாடல்களைப் போடு என்று கூட்டத்தில் சிலர் கத்தினார்கள், அவர்கள் அசையவில்லை. அந்தத் துணிச்சலுக்காகவே அவர்கள்மேல் எனக்கு இன்றுவரை ஒரு மரியாதை.

2007 மார்ச்சில் அவர்கள் பெங்களூருக்கு வந்தபோது முழு ஆல்பம் கிடைக்கவில்லை, ஐந்து பாடல்கள் கிடைத்தன. பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் நாம் எல்லோரும் கறுப்புச் சட்டையில் ஏறியதைப் பார்த்து, எதிரே இருந்த பெரியவர் கழக மாநாடு எந்த ஊரில் என்று விசாரித்தது நினைவிருக்கிறதா? மாநாடு இல்லை ஐயா, பாட்டுக் கச்சேரி என்று நீ சொன்னதும், பாட்டுக்கு எதற்குக் கறுப்பு என்று கேட்டுவிட்டு, காட்பாடி தாண்டும்வரை அவர் நம்மை நம்பவே இல்லை. அன்று மாலை, ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு புதிய பாடலை, அதுவரை அந்தக் குழுவை நேரில் பார்த்தே இராத ஒரு கூட்டத்தின் முன் புரூஸ் டிக்கின்சன் பாடினார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு வரிகள் தெரிந்திருக்கவில்லை. ஆனால் பாடலின் நடுப்பகுதியில் மூன்று கிட்டார்களும் ஒன்றையொன்று தொடர்ந்து ஏறத் தொடங்கியபோது, தெரியாதவர்களும் கையைத் தூக்கினார்கள். வீட்டில் கேட்டபோது அந்தப் பாடலின் நீளம் எனக்கு ஒரு குறையாகவே பட்டிருந்தது. நின்று கேட்டபோதுதான், அந்த ஏற்றத்துக்கு அவ்வளவு நேரம் தேவை என்று புரிந்தது.

ஷோவில் ஒலி கண்றாவியாக இருக்கிறது என்கிறாயே, அதை நான் மறுக்கவில்லை. மெட்டலில் அதற்குக் காரணமும் இருக்கிறது. கிட்டாரின் கம்பிகளைச் சுருதி இறக்கி வாசிக்கிறார்கள். பேஸ் கிட்டார் அதற்கும் கீழே. அதே கீழ்ப்பகுதியில்தான் டபுள் பேஸ் டிரம்மும் வேகமாக உதைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டால் மிஞ்சுவது வெறும் உறுமல்தான். திறந்த மைதானமாக இருந்தால் காற்று வீசும் பக்கமெல்லாம் மேல் ஒலிகள் அலைந்துபோய்விடும். இதற்குத் தெரிந்த ஒரே வைத்தியம், ஒலி மேசையைத் தேடிப்போய் அதன் பக்கத்தில் நிற்பது. மிக்ஸ் செய்பவர் தம் காதுக்குக் கேட்பதைத்தானே சரிசெய்வார்? மேடையை ஒட்டிய கம்பித் தடுப்பில் நின்றால் கிட்டார்காரரின் விரலைப் பார்க்கலாம், பாடகரின் குரல் தலைக்கு மேலே போய்விடும். நீ எப்போதும் தடுப்புக்குத்தான் ஓடுவாய், அங்கே நின்றுகொண்டு ஒலி சரியில்லை என்பாய். முழங்கால் வலிக்கும் இந்த வயதிலாவது ஒலி மேசைப் பக்கம் வந்து நின்று பார். ரசிகர்கள் முட்டி மோதி ஆடும் மோஷ் பிட்டும் அங்கே எட்டாது.

மனோதர்மம் ஏது என்ற உன் கேள்விக்கு இப்போது வருகிறேன். மேடையில் இருப்பவர்களிடம் அது குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். கீழே இருப்பவர்களிடம் இருக்கிறது. மெய்டனின் 'ஃபியர் ஆஃப் த டார்க்' 1992இல் ஒரு ஆல்பத்தின் கடைசிப் பாடலாக வந்தது. இன்று அதை யாராவது ஸ்டூடியோப் பதிவில் கேட்டால் ஏதோ குறைகிறது என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் தொடக்கத்திலுள்ள கிட்டார் மெட்டை ஆயிரக்கணக்கானவர்கள் வாயால் பாடும் வழக்கம் பின்னால் மேடையில் வந்து ஒட்டிக்கொண்டது. பாடல் வரியைக் கூட்டம் பாடுவது எங்கும் உண்டு. வார்த்தையே இல்லாத கிட்டார் இழையை ஒரு கூட்டம் சுருதி சேர்த்துப் பாடுவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மெய்டன் வந்தபோது பேலஸ் கிரவுண்ட்ஸில் நீயும் பாடினாய். சுருதி பற்றிப் பேச வேண்டாம்.

ஓபெத் குழுவின் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, இது ஹெட்ஃபோனுக்கென்றே செய்த ஆல்பம் என்று எழுதியிருக்கிறாய். சென்ற ஆண்டு நவம்பரில் அது வெளிவந்ததிலிருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் உலகப் போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் ஒரு பணக்காரத் தந்தையின் உயிலைப் பிள்ளைகள் முன் வாசிப்பதாகக் கதை; கடைசிப் பாடல் தவிர மற்றவற்றுக்குப் பெயரே இல்லை, உயிலின் பத்தி எண்கள்தாம். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் குரலும் புல்லாங்குழலும் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, 2008இல் வந்த 'வாட்டர்ஷெட்' ஆல்பத்தோடு நின்றுபோன பாடகர் மிகேல் ஓகர்ஃபெல்ட்டின் குரோல் என்ற உறுமல் குரல், 16 ஆண்டுகள் கழித்துத் திரும்பியிருக்கிறது. 2011இல் 'ஹெரிடேஜ்' வந்தபோது, கத்தாத ஓபெத் எனக்கு வேண்டாம் என்று சபதம் செய்தவன் நீ. இப்போது உனக்குத்தான் கொண்டாட்டம்.

அந்தக் குரோலை நாம் நேரில் கேட்டிருக்கிறோம் என்பதை மட்டும் ஏன் மறந்தாய்? 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில், திறந்தவெளி அரங்கத்தின் படிகளில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோமே. அடிவயிற்றிலிருந்து வரும் அந்த உறுமலை ஸ்டூடியோவில் எத்தனை முறை வேண்டுமானாலும் பாடி அடுக்கிக்கொள்ளலாம். மேடையில் ஒரே தொண்டை, ஒரே மைக். உறுமி முடித்த மூச்சு அடங்குவதற்குள், அதே மனிதர் தாலாட்டுக்குரிய குரலில் அடுத்த வரியைப் பாடினார், நடுவே எந்தத் தையலும் தெரியவில்லை. பாடல் முடிந்ததும் மிகச் சாதாரணக் குரலில் ஏதோ நகைச்சுவை சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். மரங்களுக்கு நடுவிலிருந்த அந்த அரங்கத்தில் நாம் கேட்டதைத் தெரிந்துகொண்டுதான் இந்தப் புதிய ஆல்பத்தைக் கேட்கிறோம். முதல் பத்தியிலோ ஐந்தாம் பத்தியிலோ குரல் மாறும் இடத்தில் உனக்குச் சிலிர்க்கிறது என்றால், அதில் பாதி 2009இல் சேர்த்துவைத்த மூலதனம். புதிதாகக் கேட்க வரும் பையன்களிடம் அந்த மூலதனம் இல்லை. அவர்களாவது போகட்டும் என்று சொல்லாமல், போக வேண்டாம் என்று நீ உபதேசம் செய்வது நியாயமில்லை.

உன் பக்கத்தில் உள்ள ஒரு நியாயத்தை நானே சொல்லிவிடுகிறேன். பெரிய குழுக்கள் பலவும் புதிய பாடல்களை மேடைக்குக் கொண்டுவர அஞ்சுகின்றன. 2006இல் முழுப் புதிய ஆல்பத்தை வாசித்த அதே மெய்டன், இந்த ஆண்டு மே மாதம் புடாபெஸ்டில் தொடங்கிய பயணத்தில் 1980 முதல் 1992 வரையிலான பாடல்களை மட்டுமே வாசிக்கிறது. ஐம்பதாவது ஆண்டு, கொண்டாட்டம், சரிதான். நிக்கோ மெக்பிரெயின் சென்ற டிசம்பரில் மேடையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் டிரம்ஸில் சைமன் டாசன் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத் தவிர, அங்கே புதிது எதுவும் இல்லை. 'செஞ்சுட்சு' ஆல்பத்திலிருந்து ஒன்றாவது வைத்திருக்கலாம். இந்த விஷயத்தில் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவை நான் மேலாக மதிக்கிறேன். 2024 மார்ச்சில் 'இன்வின்சிபிள் ஷீல்ட்' வந்தபோது பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு 72 வயது. அந்த ஆண்டுக் கச்சேரிகளை அந்த ஆல்பத்தின் முதல் பாடலோடுதான் தொடங்கினார்கள். கைதட்டலுக்கு உத்தரவாதமுள்ள பழைய பாடல்கள் அவர்களிடம் எத்தனை இருக்கின்றன என்று உனக்குத் தெரியும்.

வில்லா பார்க் இந்தக் கணக்கில் வராது. சப்பாத் அன்று வாசித்த நான்கு பாடல்களுமே 1970இல் வெளிவந்தவை. அது விடைபெறுதல், அங்கே புதிது கேட்பது முறையில்லை. நான் இரவெல்லாம் விழித்திருந்து இணையத்தில்தான் பார்த்தேன். கறுப்பு அரியணையில் உட்கார்ந்தபடி சப்பாத்தின் பாடகர் ஆஸி பாடியதையும், எழ முடியாத அந்த உடம்பு எழப் பார்த்ததையும் திரையில் பார்த்தேன். பதினேழு நாளில் அவர் இறந்த செய்தி வந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது படமும் ஒரு மிக்ஸும். அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் தெருக்களுக்குப் பக்கத்தில், அந்த மைதானத்தில் அது எப்படிக் கேட்டது என்பது உனக்குத்தான் தெரியும்.

ஆனால் நீ எழுதியிருப்பதெல்லாம் கூட்டத்தைப் பற்றியும் கண்ணீரைப் பற்றியும்தான். இன்னும் ஒன்று எழுது. 2013இல் வந்த சப்பாத்தின் '13' ஆல்பத்தில் டிரம்ஸில் பில் வார்டு இல்லை, பிராட் வில்க் வாசித்தார். ஒவ்வோர் அடியும் துல்லியமாக விழுந்தும், ஜாஸ் கேட்டு வளர்ந்த வார்டின் அந்த ஆட்டம் அதில் இல்லை என்று நாம் அப்போதே பேசிக்கொண்டோம். சப்பாத்தின் பழைய நால்வரும் சேர்ந்து மேடையேறி 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று ஐயோமியின் கிட்டாருக்குப் பின்னால் சற்றே தாமதித்து விழும் அந்த அடி அவருடைய கையில் இன்னும் இருந்ததா? நீ எந்தப் பக்கம் நின்றாய், அங்கே ஸ்நேர் டிரம் எப்படிக் கேட்டது? இணைய மிக்ஸில் எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. விவரமாக எழுது.

அன்புடன்,
முரளி